மந்திரித்து அனுப்பிய சில்லு

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
ஜனவரி 2008

அன்பு மருமகள் கிறிஸ்டினாவுக்கு,

உன் தாய்மாமன் ஸ்டானிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. உன் அம்மாவின் மூட்டுவலி, ஹார்பரில் நான் ஓட்டும் வின்ச், மணலி ஆலைப் பக்கமிருந்து வரும் காற்று, மூன்றும் எப்போதும் போலத்தான். நீயும் உன் புரொபசரும் சுகமாக இருக்கும்படி மாதாவை வேண்டிக்கொள்கிறோம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் இரண்டு பேரும் அப்படியே இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள் அலமாரியில் மறந்துவிட்டுப் போனாயே உன் லேப்பில் செய்த கண்ணாடிச் சில்லு, அதை என்னோடு வேலை பார்க்கும் கமாலிடம் கொடுத்திருக்கிறேன். மகளைப் பார்க்க பெங்களூர் வருகிறான், இந்தக் கடிதத்தோடு கொண்டுவந்து தருவான். வருகிற திங்கட்கிழமை அதைப் பெரிய மிஷினில் வைத்துப் பார்க்க உன் முறை, விட்டால் மறுபடி முறை வர மழைக்காலம் ஆகிவிடும், உன் பட்டமும் தள்ளிப்போகும் என்று போனில் அழுதாய். டப்பாவைத் திறக்காதீங்க, சில்லைத் தொடாதீங்க, பக்கத்தில் நின்று மூச்சுகூட விடாதீங்க என்றாய். நீ சொன்னதை அப்படியே உன் அம்மாவிடம் சொன்னதுதான் நான் செய்த தப்பு. ஒரு சாமானுக்கு இவ்வளவு மரியாதை என்று தெரிந்தால் ஃப்ளோரன்ஸ் சும்மா இருப்பாளா? "கடலுக்குப் போற புதுப் போட்டு, புது சைக்கிள், அல்லாத்தையும் மந்திரிச்சிட்டுத்தானே தொடுறோம். புள்ள படிப்பே இதுல கீது, இத்த மட்டும் மொட்டையா அனுப்புவியாண்ணே?" என்று பிடித்துக்கொண்டாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் காசிமேட்டு யேசுதாஸ், புதுப் போட்டு என்ஜினை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் நாங்கள், தீப்பெட்டி அளவு டப்பாவோடு. இது என்ன என்று ஃபாதர் கேட்டார். தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் அதைவிடப் பொடிசாகத் தங்கத்தில் நம் கிறிஸ்டினா கோலம் போட்டிருக்கிறாள், வெளிச்சம் இதில் பட்டால் வளைய வேண்டிய பக்கம் வளையாமல் எதிர்ப் பக்கம் வளையுமாம், பிற்காலத்தில் பெரிசாகச் செய்து சுற்றிவிட்டால் உள்ளே இருக்கும் சாமானே கண்ணுக்குத் தெரியாதாம் என்று நீ சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். இருக்கிற சாமானை இல்லாமல் காட்ட நம் பக்கத்தில் ஏற்கெனவே நிறைய பேர் இருக்கிறார்களே, அதற்குப் படிப்பு வேறா என்றார் ஃபாதர். யேசுதாஸ் என் காதருகே வந்து, "மாமு, ஆளு சைஸுல எப்ப வரும்? குட்ச்சிட்டு வூட்டுக்குப் போறப்போ போத்திக்கினு பூந்துடுவேன்" என்றான். "வாடைக்கு இன்னா போத்துவ?" என்று கேட்டாள் உன் அம்மா.

மூடி மேல் தெளித்தால் மூடிக்குத்தான் ஆசீர்வாதம் என்று சொல்லி உன் அம்மா டப்பாவைத் திறந்தே நீட்டினாள். என்ஜினுக்குத் தெளித்த அதே வேகத்தில் ஃபாதர் தீர்த்தம் தெளிக்க, சில்லு டப்பாவுக்குள் குளித்தது. ஐயோ ஈரம் என்று இவள் எடுத்து முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். பிறகு வாயால் ஊதினாள். அதுவும் போதாமல் மொட்டை மாடியில் நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்துவிட்டுக் குடை பிடித்துக் காவல் இருந்தாள். ஒரு காக்கா வந்தது. நெத்திலியைத் தூக்கிக்கொண்டு போனதே தவிர, பக்கத்தில் மினுக்கிய சில்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே கீழே இருந்த என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, காக்கா கண்ணுக்கு அது தெர்ல. புள்ள வேல பலிச்சிட்ச்சி" என்று கண் கலங்கிவிட்டாள். தெருவில் பாதிப் பேருக்கு இதற்குள் சொல்லியும் ஆயிற்று. உன் பட்டத்தை நீ அங்கே வாங்குவதற்குள் இங்கே கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று விடாமல் எழுதச் சொல்லி அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். காக்கா சங்கதியை புரொபசரிடம் கட்டாயம் சொல்ல வேண்டுமாம். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னையும் உன் மிஷினையும் காப்பாளாக.

உன் மேல் உயிராக இருக்கும் மாமா,
ஸ்டானிஸ்லாஸ்

பின்குறிப்பு: கவர் ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அம்மா உள்ளே போயிருக்கிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன். பயப்படாதே. மந்திரித்தது உன் சில்லு இல்லை. இவள் கோயில் என்று ஆரம்பித்த அன்றைக்கே, என் பழைய வாட்ச் கண்ணாடியை உடைத்துச் சாக்லெட் சுற்றிய தங்கத் தாளை ஒட்டி, வேறு டப்பாவில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டேன். உன் டப்பா நீ ஒட்டின டேப்போடு கமாலின் சட்டைப் பையில் இருக்கிறது, அம்மா பார்க்கக் கொடுத்த வாட்ச் கண்ணாடி அவன் துணிப் பையில். மாற்றி மிஷினில் வைத்துவிடாதே. ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அதனால்தான் மனுஷன் அவ்வளவு தாராளமாகத் தெளித்தார். மிஷினில் நல்லபடியாக வந்தால் எல்லாம் தீர்த்தத்தால்தான் என்று அம்மாவுக்குப் போன் செய். வராவிட்டாலும் அப்படியே சொல்லிவிடு. அவள் போய் ஃபாதரோடு மல்லுக்கு நிற்கட்டும், எனக்கும் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகும்.