கையைத் தூக்கிட்டுச் சொல்லு

"டீச்சர், நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா, வலது காலால அந்த பிரேக்கைக் கொஞ்சம் மிதிச்சீங்கன்னா..."

மாஸ்டர் மரியாதையை முடிப்பதற்குள், கார் பயிற்சி மைதானத்தின் சிவப்புக் கூம்பு மேல் ஏறி இறங்கிவிட்டது.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார் டீச்சர்.

வேறு யாராவது ஓட்டியிருந்தால் மாஸ்டரின் கத்தல் நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் ஆள் கில்லாடி. வாய்தான் சனியன். பாதியில் அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள் இந்த மாதம் மட்டும் மூன்று பேர். "இன்னொரு புகார் வந்தா, வேற வேலை பாத்துக்குங்க மாஸ்டர்" என்று டிரைவிங் ஸ்கூல் ஓனரம்மா நேற்றுதான் கறாராகச் சொல்லியிருந்தார். இன்று கற்றுக்கொள்ள வந்து உட்கார்ந்ததோ, ஏழாம் வகுப்பில் அவரைப் பெஞ்சு மேல் ஏற்றிய கணக்கு டீச்சர்! ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன சோதனை வேண்டும்?

அடுத்த சுற்றில் மாஸ்டர் வாயே திறக்கவில்லை. பயிற்சிக் காரில் தன் காலடியிலும் இருந்த இன்னொரு பிரேக்கைத் தானே மிதித்தார்.

"யாரைக் கேட்டு மிதிச்சே?"

"இல்லீங்க டீச்சர்... சுவரு..."

"சுவரு எனக்குத் தெரியாதா? எதுவா இருந்தாலும் கையைத் தூக்கிட்டுச் சொல்லு."

நாற்பத்தைந்து வயது மாஸ்டர் கையைத் தூக்கினார். டீச்சர் பாதையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் பக்கம் முழுசாகத் திரும்பி, "என்னப்பா, சொல்லு" என்றார். கார் தண்ணீர் டிரம்மைச் சாய்த்தது.

"ரொம்ப அழகாத் திருப்பினீங்க டீச்சர்" என்றார் மாஸ்டர். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது கார் நேராக ஆபீஸ் அறையைப் பார்த்து ஓடியது. ஜன்னலுக்குப் பின்னால் ஓனரம்மா உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கினால் டீச்சர் திரும்பிவிடுவார். மிதித்தால் புகார் கொடுத்துவிடுவார். கெஞ்சிக் கேட்கவோ நேரமில்லை. ஐயோ!

"நிறுத்துங்க!" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார். அடுத்த நொடியே, "மன்னிச்சுக்குங்க டீச்சர், தெரியாம கத்திட்டேன்" என்றார்.

படிக்கட்டுக்கு ஒரு சாண் முன்னால் கார் அலுங்காமல் நின்றது.

போச்சு, வேலை போச்சு. மனைவி முகத்தில் எப்படி முழிப்பது என்று மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஓனரம்மா ஓடிவந்து டீச்சர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இருபது வருஷமா கார் ஓட்டற நீங்க, எங்களுக்காக இவ்வளவு மோசமா ஓட்டினதுக்கு ரொம்ப நன்றி டீச்சர். சொல்லுங்க, இவரு பாஸா, பெயிலா?"