எழுபது குதிரைகளும் ஒரு துளசிமாடமும்

ஸ்ரீ

மைசூர்
ஜய வருஷம், மாசி மாசம்

சிரஞ்சீவி சம்பத்குமாருக்கு உன் அத்திம்பேர் நரசிம்மமூர்த்தி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. ஆசீர்வாதம் என்று கை வழக்கத்தில் எழுதிவிட்டது, மனசார எழுதியதாக நினைத்துக்கொள்ளாதே. அடுத்த வரியில் இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுத வேண்டும். அதை எழுத மாட்டேன். நேற்று முதல் இவ்விடத்தில் க்ஷேமமாக இருப்பது நீ சிபாரிசு செய்த டீசல் இன்ஜின் ஒன்றுதான். அது பாட்டுக்கு வாசலில் சும்மா நின்றுகொண்டிருக்கிறது.

உன் அக்கா கல்யாணமான புதிதில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, மலையாள தேசத்துத் திருநாவாய்ப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்பது. அன்றிலிருந்து வருஷா வருஷம் கேட்டாள். வெளியூரில் நமக்குத் தீர்த்தம் ஏது, தளிகை ஏது என்று நானும் வருஷா வருஷம் தள்ளிப்போட்டேன். நான் ஹோட்டல் வாசற்படி மிதிப்பதில்லை, ஊரான் குழாய்த் தண்ணீரை வாயில் விடுவதில்லை என்பது மைசூர் கஜானா ஆபீஸுக்கே தெரியும். பென்ஷன் ஆனதும் இனிச் சாக்கு சொல்ல முடியாது என்றுதான் இந்த யோசனையே பிறந்தது. வெளியில் சாப்பிட முடியாதவன் வீட்டையே கூட அழைத்துப் போக வேண்டியதுதானே? யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ராணுவ லாரியை வாங்கினோம். அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் வைத்தோம். பின்னால் மரத்தில் ஓர் அறை கட்டி, தளிகை உள், படுக்கை, பெருமாளுக்கு அலமாரி எல்லாம் அமைத்தோம். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. பெங்களூர் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கிறாயே என்று உன்னை ஒரு வார்த்தை கேட்டேன் பார், அங்கேதான் பிடித்தது சனியன்.

கேட்டது என்ன? கூடலூர் மலைப்பாதையில் போகும்போது இறங்க வேண்டும், திரும்பும்போது ஏற வேண்டும், அதற்கு இந்த இன்ஜினில் சக்தி போதுமா, அவ்வளவுதான். நீ வந்தாய். வண்டிக்குப் பக்கத்தில் நின்று காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டாய். புகையைப் பார்த்தாய். "கறுப்புப் புகை வந்தா திணறுதுன்னு அர்த்தம், அத்திம்பேர். இது வெளுப்பா வரது" என்றாய். நம் டிரைவர் லிங்கப்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வெறும் வண்டியைச் சாமுண்டி மலைமேல் ஓட்டிப்போய் வந்தாய். மூன்றாவது கியரிலேயே ஏறியது, ரேடியேட்டர் கொதிக்கவில்லை, எழுபது குதிரை பலம், பேஷாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு, "எவ்வளவு பாரம் ஏத்துவேள்?" என்று ஒப்புக்குக் கேட்டாய். நானும் ஒளிக்காமல், நாங்கள் இரண்டு பேர், டிரைவர், கொஞ்சம் பாத்திரம் என்று சொன்னேன். இதில் ஏதாவது பொய் இருக்கிறதா?

இருக்கிறது என்று நீ சொல்வாய், அதனால் கொஞ்சம் பாத்திரம் என்னென்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் கிணற்றுத் தீர்த்தம் இரண்டு பெரிய அண்டா நிறைய. பதினைந்து நாளைக்கு இரண்டு பேர் குடித்து, குளித்து, தளிகை பண்ண வேண்டாமா? அரைக்க அம்மி, ஆட்டுக்கல். வழியில் யார் வீட்டு அம்மியில் என்ன அரைத்தார்களோ, அதைத் தொட முடியுமா? தளிகை உள்ளுக்கு மரப்பலகைத் தரை இருந்தது. பலகையை எப்படி அலம்பி மடியாக்குவது? அதனால் கல் பாவினேன். விறகு. அரிசி. அப்புறம் நம் கொல்லைத் துளசிமாடம். தினம் அதைச் சுற்றாமல் நான் சாப்பிட்டதில்லை, அது கருங்கல்லாக இருப்பது என் குற்றமா? குடும்பஸ்தன் யாத்திரை போனால் இதெல்லாம் இல்லாமல் எப்படி?

நேற்றுக் காலை நல்ல வேளை பார்த்து, முதலில் ஒரு தடவை சாமுண்டி மலை ஏறிப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். அடிவாரத்திலேயே லிங்கப்பன் இரண்டாவது கியருக்கு இறங்கினான். கொஞ்சம் மேலே போனதும் முதல் கியர். அதற்குக் கீழே கியர் இல்லையாமே, அதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? புகை கறுப்பாக, அடுப்பில் பச்சை விறகு வைத்த மாதிரி வந்தது. வளைவில் அண்டாத் தீர்த்தம் தளும்பி என் வேஷ்டியை நனைத்தது. பின்னாலிருந்து ஒரு ஜட்கா வந்தது. ஒரே குதிரை, அதுவும் நோஞ்சான், உள்ளே ஆறு பேர். அது எங்களைத் தாண்டிப் போனபோது உள்ளேயிருந்து ஒருத்தர் தலையை நீட்டி, வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகிறீர்களா ஸ்வாமி என்று கன்னடத்தில் விசாரித்தார். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ஜட்கா திரும்பிவிட்டது, நாங்கள் அதே இடத்தில்தான் இருந்தோம். நந்தி சிலைக்குப் பிரிகிற திருப்பத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றேவிட்டது.

லிங்கப்பன் எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்துத் தமிழன், மரியாதைக்காரன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து, "ஏனுங் சாமி, அந்தத் தண்ணியக் கொஞ்சம் கீழ ஊத்திப்புட்டா ஏறிப்புடுமுங்க" என்றான். கிணற்றுத் தீர்த்தத்தையா? ரோட்டிலா? "எழுபது குதிரை இருக்குன்னானே என் மச்சினன், அதுல எத்தனை குதிரைக்கு நொண்டின்னு பார்" என்று கத்தினேன். அவன் பயந்துபோய் நிஜமாகவே பானெட்டைத் திறந்து பார்த்தான். உன் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பின்பக்கமாகவே மலையிறக்கிக் கொண்டுவந்தோம். வரும் வழியில் எங்களைப் பார்க்காத தெரிந்தவர்களே இல்லை.

அதனால் சொல்கிறேன் கேள். நீ என்னடா இன்ஜினியர்? புகையைப் பார்த்துச் சொல்ல எங்கள் தெரு பட்டாணிக்கடைக்காரன் போதாதா? யாத்திரை ரத்து. உன் அக்காவிடம் காலையில் சொல்லிவிட்டேன், இந்த ஜன்மத்தில் திருநாவாய் இல்லை, அதற்கு உன் தம்பிதான் காரணம் என்று. அவள் அழுவாள் என்று நினைத்தேன். "கோபம் ஆறறதுக்குள்ள அவனுக்கு எழுதுங்கோ. உள்ளே போய்க் கதவைச் சாத்திண்டு நிதானமா எழுதுங்கோ" என்றாள். அவளுக்கே உன்மேல் அவ்வளவு ஆத்திரம். எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கடமுடா என்று ஏதோ உருளுகிறது, பக்கத்து வீட்டில் கட்டட வேலையோ என்னவோ, எழுந்து பார்க்கவும் எனக்கு மனசில்லை. இரண்டாம் காப்பி வேறு இன்னும் வந்தபாடில்லை. இதைக் கண்டதும் நீ வந்து உன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போ. வண்டியை விற்பாயோ, உன் தொழிற்சாலை வாசலில் நிறுத்திப் பூஜை பண்ணுவாயோ, எனக்கு அக்கறையில்லை. வந்தால் வாசலோடு போய்விடு, உள்ளே வராதே.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். அது மட்டும் நிஜமானது.

இப்படிக்கு,
உன்னால் நடுமலையில் நின்ற
நரசிம்மமூர்த்தி

பி.கு.: எழுதின களைப்பில் அப்படியே தூங்கிவிட்டு, மத்தியானம் தபாலில் போடலாம் என்று வெளியே வந்தேன். வண்டியைக் காணோம். வண்டி நின்ற இடத்தில் அம்மி, ஆட்டுக்கல், பாவின கல்லெல்லாம் கிடக்கிறது. துளசிமாடம் பழையபடி கொல்லையில் இருக்கிறது. அண்டா இரண்டும் காலி, தென்னை மரத்தைச் சுற்றி ஒரே ஈரம். திருடன் வந்தால் வண்டியை எடுப்பான், அம்மியை இறக்கி வைத்துவிட்டா எடுப்பான் என்று யோசித்துக்கொண்டு நிற்கும்போதே ஹார்ன் சத்தம் கேட்டது. முன் ஸீட்டில் லிங்கப்பன் பக்கத்தில் உன் அக்கா. நெற்றியில் குங்குமம், மடியில் பூ.

"மலைமேலே போயிட்டு வந்தேன். மூணாவது கியர்லயே ஏறித்து. சம்பத்து சொன்னது ஸரி" என்றாள். தாகத்துக்கு என்ன பண்ணினாய் என்று கேட்டேன். "அங்கே குழாய் இருக்கு. தண்ணி சொகஸா இருந்தது" என்றாள்! இத்தனை வருஷம் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டதாம், இனிக் கேட்கப் போவதில்லையாம். வியாழக்கிழமை விடியக்காலை வண்டி திருநாவாய்க்குக் கிளம்புகிறது. இன்ஜினில் எனக்கும் சேர்த்துச் சக்தி இருக்கிறதாம், நான் வருவதானால் வரலாமாம், ஆனால் கிணற்றுத் தீர்த்தம் ஒரே ஒரு சொம்புதான் ஏற்றுவாளாம்.

ஆகையால் நீ உடனே வர வேண்டாம். மேலே எழுதியதை உன் ஆத்துக்காரியிடம் காட்டவும் வேண்டாம். நான் இப்போதே பாத்திரக்கடைக்குப் போகிறேன். இருப்பதிலேயே பெரிய சொம்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.