கற்பூரமும் காஸ்கோ அண்ணையும்

இதை எழுதலாமா என்று பல வருடங்களாக யோசித்தேன். கற்பூரம் சம்பந்தப்பட்ட விசயம். சிரித்தால் சாமிக்குற்றம், சிரிக்காமல் சொன்னால் அது காஸ்கோ அண்ணையின் கதையே இல்லை. பிள்ளையாரே, பொறுத்துக்கொள்ளும்.

ஒஸ்லோவில் வாகனத்தை நேசித்தவர்கள் பலர். வாகனத்தின் காப்புறுதியை நேசித்தவர் அவர் ஒருவர்தான். 'காஸ்கோ' என்றால் இங்கே வாகனத்துக்கு எடுக்கும் முழுக் காப்புறுதி. அம்மருட் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்மாடியில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் அவர் ஒரு பழைய பூபில் வாங்கினார். கட்டிலும் அடுப்பும் உள்ள வீட்டு வாகனம். அக்கா, அதாவது அவர் மனைவி, மச்சம் மாமிசம் புழங்கிய சட்டியில் சமைத்ததைத் தொடமாட்டார். அதனால் நோர்வேக்கு வந்த நாள் முதல் ஒரு பயணமும் போனதில்லை. வடக்கே, சாமத்திலும் சூரியன் மறையாத கடற்கரையை ஒருதரம் பார்க்கவேண்டும் என்பது அக்காவின் ஆசை. அடுப்பையும் கூட்டிக்கொண்டு போவதுதான் ஒரே வழி.

முதலில் காப்புறுதி. மூன்று வகை: நாம் மற்றவனை இடித்தால் மட்டும் உதவுவது, அதோடு தீயையும் களவையும் சேர்த்தது, எல்லாவற்றுக்குமான காஸ்கோ. மற்றவர்கள் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிவெடுப்பார்கள். அண்ணைக்கு ஒரு பனிக்காலம் போதவில்லை. எல்க் மான் குறுக்கே பாய்ந்தால் உண்டா என்று கேட்டார். உண்டு. நிறுத்திவைத்த பூபிலில் எல்க் சாய்ந்து நித்திரை கொண்டால்? செத்தவீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய், செத்தவரின் காருக்கு எந்த வகை என்று விசாரித்தார். கண்ணூறு எந்த வகைக்குள் வரும் என்று அவர் கேட்ட அன்று, தொலைபேசியில் இருந்த பெண் மேலதிகாரியைத் தேடிப் போனவள் திரும்பி வரவேயில்லையாம்.

கடைசியில் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வகைக்கு ஒரு நிறமாக மூன்று பூ, மூன்று பொட்டலம். பிள்ளையார் மலிவானதைத் தந்தார்.

"அவர் மூஞ்சூறிலை போறவர். பூபிலைப் பற்றி அவருக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அண்ணை காஸ்கோவையே எடுத்தார். நான் அண்ணைக்கும் சேர்த்துத் தலையில் குட்டிக்கொண்டேன்.

கோடை தொடங்க, வாகனப் பூசை. ஐயருக்கு நேரமில்லை, அண்ணையே ஐயர். நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். உள்ளே அடுப்புக்குமேல் கற்பூரத் தட்டை எரியவிட்டு, தேங்காய் உடைக்க வெளியே வந்தார். தேங்காய் லேசில் உடையவில்லை. திரைச்சீலை லேசில் பற்றியது. அக்கா மஞ்சள் தண்ணீர் வாளியோடு ஓடிப்போய் ஊற்றி அணைத்தார். கூரை பாதி கறுப்பு, பாதி மஞ்சள். அடுப்பும் வயர்களும் நாசம்.

உடனே ஆலோசகர்கள் கூடினார்கள். லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியதோடு சட்டமும் தெரிந்துகொண்ட ஒருவர் சொன்னார்: "வயர் சோட் ஆனதெண்டு சொல்லுங்கோ அண்ணை. நெருப்பை நீங்களே வைச்சதெண்டால் ஒண்டும் தரமாட்டாங்கள். பிறகு அக்கா சூரியனைக் கலண்டரிலைதான் பாக்கவேணும்."

அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தார்.

காப்புறுதியிலிருந்து ஒரு நோர்வேக்காரர் வந்தார். எப்படிப் பற்றியது என்று கேட்டார். அவர்கள் நோர்வேஜிய மொழியில் கதைத்ததை நம் பாசையில் தருகிறேன்.

"கற்பூரம். நான்தான் கொளுத்தினனான்," என்றார் அண்ணை.

"எதற்கு?"

"பாதுகாப்புக்கு."

"அதற்குத்தானே எங்களிடம் வந்தீர்கள்?"

"நீங்கள் எல்லாம் நடந்து முடிஞ்சாப்பிறகு வாறனீங்கள். சாமி நடக்க முதல் வாறவர்."

வந்தவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இந்த முறை பிந்திவிட்டார் போல."

அதுவரை வாய் திறக்காத அக்கா சொன்னார்: "பிந்தேல்லை. வந்தபடியாத்தான் கூரையோடை நிண்டது."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனார். அந்தக் கோடை முழுக்கப் பதில் வரவில்லை. வந்தபோது, கவனயீனம்தான், ஆனாலும் காஸ்கோவுக்குள் அடங்கும் என்றிருந்தது. மலிவானதை எடுத்திருந்தால் ஒன்றும் கிடைத்திராது. அண்ணை கோயிலுக்குப் போய், பிள்ளையாரை மன்னித்துவிட்டதாகத் தெரிவித்து ஒரு தேங்காய் உடைத்தார். அது முதல் அடியிலேயே உடைந்தது.

அடுத்த கோடையில், மறையாத சூரியனுக்குக் கீழே அக்கா புட்டு அவித்தார்.

இப்போது எல்லிங்ஸ்ருட் பக்கத்து ஆட்கள், பூசையன்றே அந்தப் பூபில் வெடித்துச் சிதறியதாகக் கதைக்கிறார்கள். அது பரவாயில்லை. வேறு சிலர், அண்ணை வயர் என்று சொல்லித் தப்பியதாகக் கதைக்கிறார்கள். அது பொறுக்காமல்தான் எழுதினேன். நீங்கள் யாருக்காவது சொன்னால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் பயந்த அந்த மனிசன் அன்றைக்கு ஒன்றுக்கும் பயப்படவில்லை. கற்பூரத்தைக் கற்பூரம் என்றே சொல்லுங்கள்.