முக்கோணத்துக்கு மூன்று பொட்டு

உலகத்தில் எனக்கென்று ஒரு சுவராவது இருந்தாக வேண்டும் என்று போன சித்திரையில் முடிவெடுத்தேன்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு நான்கு சுவர்கள். ஒன்றில் டிவி. ஒன்றில் சன்னல். ஒன்றில் நகைக்கடை, துணிக்கடை, உரக்கடை காலண்டர்கள். நான்காவதில், நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, என் மனைவி பவானியின் தம்பி கார்த்திகேசன். படமாகத்தான். கோட்டும் கூலிங்கிளாசும் போட்டுக்கொண்டு, யாருடைய கார் மீதோ சாய்ந்து நிற்கிறான். அந்தக் கறுப்புக் கண்ணாடி நான் விழுங்கும் ஒவ்வொரு கவளத்தையும் தணிக்கை செய்யும்.

நான் கல்லூரி நூலகர். ஓவிய நூல்களை அடுக்குகிற சாக்கில் சிலவற்றைப் படித்தும் தொலைத்திருக்கிறேன். ஆகவே ஆன்லைனில் மூன்று படங்கள் வரவழைத்தேன். ஐரோப்பிய அரூப ஓவியங்களின் அச்சுப் பிரதிகள். சட்டம் போட்டு, கண்ணாடியோடு வந்தன. ஒன்றில் வட்டங்கள். இன்னொன்றில் சதுரங்கள். நடுவில் மாட்ட வேண்டியதில் முக்கோணத்துக்குள் முக்கோணமாகச் சுருங்கி, மையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பவானி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து மச்சானை இறக்கினேன். மூன்றையும் ஏற்றினேன்.

திரும்பி வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னாங்க இது? எவன் வந்து ஜியாமெட்ரி பாக்ஸ கவுத்துட்டுப் போனான்?"

"அரூப ஓவியம் பவானி. உருவத்தையே துறந்த கலை."

"எந்தம்பிக்கு நல்லா உருவம் இருந்துச்சே. அது என்னா பாவம் பண்ணிச்சு?"

"இதுல அர்த்தம் தேடக் கூடாது. அர்த்தமே கிடையாது. அதான் இதோட பெருமையே."

வடிவம், வண்ணம், வெளி என்று விளக்கினேன். நான் முடிப்பதற்குள் அவள் கத்திரிக்காயை நறுக்கி, தாளித்து, வேகவைத்து, இறக்கியும் விட்டாள்.

"முடிஞ்சுதா? நாளைக்கே கழட்டிடுங்க."

தோற்றேன் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் எதிர்வீட்டு சௌந்தரம் அம்மாள் உறைமோர் கேட்டுக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். நடுப்படத்தைப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்த அம்மன் சக்கரம் சார் இது? பாத்ததும் ஒடம்பு சிலுக்குதே!"

நேர்மையான மனிதன் இந்த இடத்தில் திருத்தியிருப்பான். நானோ நூலகத்துக்காரன், அமைதி காப்பதுதான் என் தொழில். கண்ணை மூடிக்கொண்டு, "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

பவானி என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தாள். கண்ணாடி மீது, முக்கோணத்தின் மூன்று முனையிலும் பொட்டு வைத்தாள்.

"சாமி பக்கத்துல மனுசன் படம் மாட்டலாமாக்கா?" என்று கேட்டாள்.

"மாட்டவே கூடாது!" என்றார் சௌந்தரம்.

மச்சான் பரணுக்குப் போனான். நெப்போலியன்கூட இவ்வளவு சுலபமாக ஒரு பிரதேசத்தைப் பிடித்திருக்க மாட்டான்.

அதோடு நிற்கவில்லை. சௌந்தரம் அம்மாள் தன் மகள் சிந்துஜாவின் ஜாதகத்தை முக்கோணத்துக்கு முன்னால் வைத்து வேண்டிக்கொண்டார். அடுத்த வாரமே வரன் அமைந்தது. தெருவே திரண்டது. ஞாயிறு மாலைகளில் விளக்குப் பூசை என்று பேச்சு எழுந்தபோது, "சாரே பண்ணுவாரு" என்று பவானி ஒப்புக்கொண்டாள். நானும் பெருந்தன்மையோடு தலையசைத்தேன். ஐரோப்பிய ஓவியத்துக்குக் கற்பூரம் காட்டிய முதல் நூலகர் நானாகத்தான் இருப்பேன்.

ஒரே ஒரு சங்கடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல் துறைமுகத்துக்குப் பையை எடுத்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மீன் வாங்கத்தான்."

"சக்கரம் இருக்கற ஊட்டுல கவிச்சியா? நல்லாருக்கே கத!"

பையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். சுரைக்காய்க் கூட்டு சாப்பிட்டேன். பவானியோ, சக்கரம் வந்ததிலிருந்து நடராஜரைப் பார்க்க மனசு துடிக்கிறது என்று ஞாயிறுதோறும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வரும்போது முகத்தில் அப்படியொரு நிறைவு. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு என்னால் முடியவில்லை. தெரிந்த முகமே இல்லாத ஊரில் ஒரு மீன் சாப்பாடு, அவ்வளவுதான் திட்டம். சிதம்பரத்தில் இறங்கி ஓட்டலைத் தேடிப் போனேன். வழியில் மச்சான் குடியிருக்கும் தெரு. அங்கிருந்து வஞ்சிரம் வறுபடும் வாசனை. கால்கள் என்னைக் கேட்கவில்லை.

உள்ளே பவானி. முன்னால் தலைவாழை இலை. இலையில் வஞ்சிரம்.

"வாங்க மாமா!" என்றான் கார்த்திகேசன். "நீங்க வெரதம்னு அக்கா சொல்லிச்சே?"

"பவானி! சக்கரம் இருக்கற வீட்டுக்காரி நீ..."

"அது கடலூர்லதானங்க இருக்கு? இங்க ஏது?" முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

பசி என்னை உண்மை பேச வைத்தது. "அது சக்கரமே இல்ல! வெறும் படம்!"

"தெரியுமே. அர்த்தமே கெடையாதுன்னு கத்திரிக்கா வேகற வரைக்கும் பாடம் எடுத்தீங்களே."

"அப்ப உன் தம்பி படத்த ஏன் பரண்ல போட விட்ட?"

"படம் எதுக்கு? வாராவாரம் நேர்லயே பாக்கறேன். சமைக்கறதும் அவன்தான்."

கார்த்திகேசன் கரண்டியோடு பணிவாகச் சிரித்தான். பவானி இடது கையால் போனை எடுத்தாள்.

"சௌந்தரம் அக்காவுக்குப் போடறேன். அது காசு குடுத்து வாங்குன வெறும் படம்னு ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லிடுங்க. அடுத்த நிமிசம் எல போடச் சொல்றேன். வாணல்ல இன்னும் நாலு துண்டு கெடக்கு."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"சார், நீங்களா! சிந்துஜா கல்யாணப் பத்திரிக வந்துருச்சு. மொதப் பத்திரிகய சக்கரத்துக்கு வெச்சாத்தான் ஆச்சுன்னு சம்மந்தி வீட்டுக்காரங்களும் வந்துட்டாங்க. எல்லாரும் ஒங்க வாசல்லதான் நிக்கறோம். எங்க இருக்கீங்க?"

வாணலைப் பார்த்தேன். ஒரு துண்டு அப்போதுதான் பொன்னிறமாகத் திரும்பியது.

"வந்துட்டே இருக்கேம்மா" என்றேன்.

நான் தோற்றுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மச்சான் படம் இன்னும் பரணில்தான் கிடக்கிறது. அந்தச் சுவர் முழுக்க முழுக்க என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில், பவானி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்வரை, வீடு மொத்தமும் என்னுடையதுதான்.