தொடாவீணையும் ஒரு முழம் மல்லிகையும்

பெண் பார்க்க வருகிற நாளில் வீட்டில் எந்தப் புதுச் சாமானையும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. மிக்சியைக்கூட. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள்.

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. (வாயைத் திறக்கவில்லை. மூஞ்சி காட்டிக்கொடுத்துவிட்டது.) சிக்கலை இழுத்தது அம்மா. "பொண்ணு பாடுமா?" என்று தரகர் கேட்க, "பாட்டு என்ன பாட்டு, வாத்தியமே வாசிப்பா" என்று அள்ளி விட்டிருந்தாள். எனக்கு வாசிக்கத் தெரிந்தது காலிங்பெல் மட்டும்தான்.

காப்பாற்ற வந்தான் அண்ணன். மில்லில் எலக்ட்ரீஷியன், வீட்டில் விஞ்ஞானி. பேண்டேஜ் கம்பெனியில் கழித்துப்போட்ட மரப்பெட்டிக்குள் பழைய ரேடியோ சாமான்களைத் திணித்து, மேலே ஓர் ஏரியலைச் செருகி, அதற்குத் 'தொடாவீணை' என்று பெயரும் வைத்திருந்தான். தொடவே வேண்டாம். கையை ஏரியல் பக்கம் கொண்டுபோனால் சுதி ஏறும், விலக்கினால் இறங்கும்.

"உடம்ப அசைக்காம உக்காரணும். கை மட்டுந்தான் ஆடணும், கேட்டியா?"

"நடுவுல கரண்ட் போயிட்டா?"

"உள்ள பேட்டரி இருக்குட்டி. எவன் நெனச்சாலும் நிறுத்த முடியாது!"

அப்போது அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

வந்தார்கள். கேசரி முடிந்தது. நான் கையை ஆட்ட, பாட்டு மாதிரி ஏதோ வந்தது. மாப்பிள்ளை சிரித்தார். அவர் அம்மா மல்லிகையோடு எழுந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா பெண் தலையில் பூ வைத்துவிட்டால் சம்மதம். வைக்காமல் போனால் அம்புட்டுத்தான்.

ஓர் அடி வைத்தார். பெட்டி "ஊஊ" என்றது. இன்னோர் அடி. "ஊஊய்ய்!" குனிந்து பூவை நீட்டினார். "வீஈஈல்!" கிட்டே எந்த உடம்பு வந்தாலும் அந்தப் பெட்டி அலறும் என்பதை எங்கள் விஞ்ஞானி யோசிக்கவே இல்லை. அவர் பின்வாங்கினார், சத்தம் இறங்கியது. மறுபடி வந்தார், கத்தியது.

"என்னையக் கண்டாத்தான் கத்துது! இது நல்ல சகுனமாத் தெரியல" என்று பூவைப் பைக்குள் வைக்கப் போனார்.

அண்ணன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். பேட்டரி விடுமா? அதுவோ ஸ்க்ரூ போட்டு இறுக்கிய மூடிக்குள் இருந்தது. பெட்டியைத் தூக்க அவன் வந்தான், அப்பா வந்தார், பெரியப்பா வந்தார். ஆள் சேரச் சேர, மில் சங்கும் ஆம்புலன்சும் ஒன்றாக எங்கள் ஹாலுக்குள் புகுந்த மாதிரி ஆகிவிட்டது. நானா? அசையக் கூடாது என்றானே! கையை அந்தரத்தில் பிடித்தபடி பொம்மையாக உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் மட்டும் அசைந்தது.

மாப்பிள்ளைதான் வாய்விட்டுச் சிரித்தார். "யம்மா, அது எல்லாரையும் பாத்துத்தான் கத்துது. நீ அங்க போகாத. அந்தப் பிள்ளைய இங்க வரச் சொல்லு."

அவர் அம்மா என்னைப் பார்த்தார். "ஏட்டி, அழுதது போதும். அத விட்டுட்டு எந்திரிச்சு வா."

எழுந்து போனேன். (எங்கள் வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.) வாசல் பக்கமாக என்னை நிறுத்திப் பூ வைத்தார்.

இன்றைக்கும், அன்று பூ வைத்த அத்தை நான் இருக்கிற சமையலறைப் பக்கம் திரும்பினால், ஹாலில் இருந்து என் கணவர் "ஊஊய்ய்" என்று சுதி ஏற்றுவார். "போலே" என்பார் அத்தை. ஆனால் நான் கோபமாகப் பாத்திரத்தை உருட்டுகிற நாட்களில், அத்தையே நிலைப்படியில் நின்றுகொள்வார்.

"ஊஊ... உள்ள வரலாமாட்டி?"