ஏழுமலை நினைவுக் கட்டடம்

காந்தி ஜெயந்தி கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஊர் முகப்பில் அப்பா பெயரில் ஒரு வளைவு எழுப்பியே தீருவது என்று ராமலிங்கம் முடிவெடுத்துவிட்டார்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்தச் சின்ன ஊராட்சிக்கு அவர் தலைவர் இல்லை. தலைவர், அவர் மனைவி துர்கா. பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. ஆனாலும் "தலைவரே!" என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது ராமலிங்கம்தான். கையெழுத்து மட்டும் துர்கா போடுவாள். எங்கே போடுவதென்று இவர் விரல் வைத்துக் காட்டுவார்.

இந்த வருஷ நிதியில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும். துர்காவுக்கோ ஊர் முகப்பு பஸ் ஸ்டாப்பில் பெண்களுக்கு ஒரு கழிப்பிடம் வேண்டும். கம்பெனி வண்டிக்கும் பட்டுக்கடை வேலைக்கும் காத்து நிற்கிற பெண்கள், வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறார்கள். ஆனால் அங்கே ஊராட்சிக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. சாலையோரம் முழுக்க ராமலிங்கத்தின் நிலம்.

"இன்னாமே, வளைவுக்குத் தீர்மானம் எழுதிடலாமா?"

"எழுதிடலாங்க."

ராமலிங்கத்துக்குப் பகீரென்றது. இருபது வருஷத்தில் துர்கா எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்றதில்லை.

"கழிப்பிடம் கழிப்பிடம்னு ஒரு மாசமா உயிரை எடுத்துக்கினு இருந்தியே?"

"நெலம் இல்லியே, இன்னா பண்றது? உங்க வளைவுக்கும் தூணு நிக்க எடம் வோணும். ரெண்டு சென்டு தானம்னு ஒரு கடுதாசி குடுங்க."

அப்பாவுக்காக ரெண்டு சென்ட் என்ன, உயிரையே தரலாம். பேனாவை எடுத்தார். 'என் தந்தை ஏழுமலை நினைவாக வளைவு கட்ட' என்று ஆரம்பித்தார்.

"வளைவுன்னு எழுதாதீங்க. கவுர்மெண்ட் பாஷையில எல்லாமே கட்டடம்தான்."

"அப்படியா?"

"நீங்களே தலைவரு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாது என்று தலைவர் சொல்ல முடியுமா? அடித்துவிட்டுக் 'கட்டடம்' என்று எழுதினார். கையோடு, 'அப்பா பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்' என்று சொந்த மூளையிலிருந்து ஒரு வரியும் சேர்த்தார்.

இருந்தாலும் துர்காவை முழுசாக நம்ப முடியவில்லை. முப்பது ஆண்களைத் திரட்டி, "நான் கை தூக்குனா நீங்களும் தூக்கணும், புரியுதா?" என்று பாடம் நடத்திவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனார்.

பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்தால் ஒரே சேலைத் தலைப்பு! கம்பெனிக்கும் கடைக்கும் லீவு. ராமலிங்கத்துக்கு வேர்த்தது.

துர்கா மைக்கைப் பிடித்தாள். கடிதத்தைப் படித்தாள். ஒரே கைதட்டல். பட்டுக்கடையில் வேலை பார்க்கும் பூவம்மாள் மேடையேறி, "அண்ணன் மனசு யாருக்கு வரும்!" என்று அவருக்குச் சால்வை போர்த்தினாள். அப்பாடா என்று ராமலிங்கம் மூச்சு விட்டார்.

பாதி மூச்சுதான் வந்திருக்கும்.

"அந்த நெலத்துல பெண்களுக்குக் கழிப்பிடம் கட்டறதுன்னு தீர்மானம். சம்மதம்னா கை தூக்குங்க."

பெண்கள் பக்கம் அத்தனை கையும் மேலே. ஆண்கள் பக்கம் ஒரு கை அசையவில்லை. முப்பது ஜோடிக் கண்ணும் ராமலிங்கத்தையே பார்த்தன. பெண்கள் போட்ட கூச்சலில் அவர் குரல் எடுபடவில்லை. 'நிறுத்து!' என்று சைகை காட்ட, பதறிப்போய்க் கையைத் தூக்கினார்.

முப்பது கையும் சேர்ந்து எழுந்தது.

"ஏகமனதா நிறைவேறிச்சு!" என்று எழுதிக்கொண்டார் ஊராட்சிச் செயலர். ராமலிங்கம் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த துர்காவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "இன்னாடி இது?"

"கட்டடங்க."

தை பிறந்ததும், நெற்றியில் பெரிய எழுத்தில் அப்பா பெயரோடு கட்டடத்துக்குத் திறப்பு விழா நடந்தது. மறுநாள் காலை, காஞ்சிபுரம் போக ராமலிங்கம் பஸ் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். ஆட்டோ கிளம்பும் நேரம் பூவம்மாள் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ரெண்டு நிமிசம் நில்லுபா! ஏழுமலைக்குப் போயிட்டு வந்துடறேன்!"