பல்ப் வாத்தியாரின் கட்டைவிரல்

இனி இந்த வீட்டில் தர்க்கம் கிடையாது, நிரூபணம்தான் என்று பல்ப் வாத்தியார் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். அவர் மனைவி சூப் பரிமாறிக்கொண்டிருந்தார். அறிவிப்பைக் கேட்டு அவர் கையில் கரண்டி தவறக்கூட இல்லை. வாத்தியாருக்கு அதிலேயே பாதி உற்சாகம் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தியவர் அவர். உப்புத் தண்ணீரில் இரண்டு கரிக்கம்பிகளை விட்டு பல்ப் எரிய வைக்கும் பாடம் வந்தால் மனிதருக்குத் தலைகால் புரியாது. "கல்லா இருக்கற வரைக்கும் உப்பு சும்மா கிடக்கும். தண்ணியில போடு, ரெண்டாப் பிரியும். ஒண்ணு இந்தக் கம்பிக்கு ஓடும், இன்னொண்ணு அந்தக் கம்பிக்கு ஓடும். அந்த ஓட்டம்தாண்டா கரண்ட்டு!" என்று மேசைக்கும் ஜன்னலுக்குமாக அவரே ஓடிக் காட்டுவார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

ஓய்வு பெற்றதும் ரத்த அழுத்தம் வந்தது. "உப்பைக் குறைங்க" என்றார் டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து தன் பேச்சைக் கேட்காத மனைவி, முன்பின் தெரியாத டாக்டர் பேச்சை ஒரு எழுத்து பிசகாமல் கேட்டதுதான் வாத்தியாருக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பானை, உப்பில்லாத பானை. மனைவியும் அதையே சாப்பிட்டார். தனக்கென்று ஒரு சிட்டிகைகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அப்படி இருந்தால் சண்டை போடவும் வழியில்லை.

வாத்தியார் மாத்திரை டப்பாவில் உப்பை நிரப்பினார். மனைவி அடுப்படிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் டப்பாவைக் கிண்ணத்தின்மேல் ஒரு தட்டு தட்டுவார். சொர்க்கம்! ஆனால் கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பது சும்மாவா?

"என்னங்க, ஒரு வாரமா சூப்பைக் குறையே சொல்லலையே?"

"பழகிடுச்சு."

"உங்களுக்கா? என் சமையலா?"

"மனுஷன் திருந்தக் கூடாதா?"

"திருந்தலாம். ஆனா சாப்பிட்டதும் குடம் குடமா தண்ணி குடிக்கிறீங்களே. உப்பைத் தின்னவன்தானே தண்ணி குடிப்பான்?"

"சந்தேகமா? பல்ப் வெச்சு நிரூபிக்கிறேன். உப்பு இருந்தா எரியும், இல்லேன்னா எரியாது. விஞ்ஞானம் பொய் சொல்லாது!"

அறிவிப்பு அப்படித்தான் பிறந்தது.

மறுநாள் காலை பரண்மேலிருந்து பழைய மரப்பெட்டியை இறக்கி, கடுகளவு மின்சாரத்துக்கே மினுங்குகிற சின்னச் சிவப்பு பல்ப் ஒன்றைப் பொருத்தினார். கம்பியை ஓரிடத்தில் வெட்டி, பெட்டிக்கு அடியில் ஒரு பொத்தானும் வைத்தார். கட்டைவிரலால் அழுத்தினால்தான் பல்ப் எரியும். விரலை எடுத்துவிட்டால் கடலிலே முக்கினாலும் எரியாது. விஞ்ஞானம் பொய் சொல்லாதுதான். வாத்தியார் சொல்வாரே!

பொத்தானைத் தடவிப் பார்த்தபோது மனசு எங்கேயோ போய்விட்டது. கல்லூரி ஆய்வகம். அமிலம் பட்டுக் கறுத்த நீள மேசை. பக்கத்து முக்காலியில், பின்னலை எடுத்துக் கட்டிக்கொண்ட ஒரு பெண். செய்முறைத் தேர்வு. அவள் குவளையில் உப்பு இருந்தது, கம்பி இருந்தது, பல்ப் மட்டும் எரியவில்லை. வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரியின் ஷூச் சத்தம் நெருங்கியது. அவள் கண் கலங்க இவரைப் பார்த்தாள். இவர் கையை மேசைக்குப் பின்னால் விட்டு, கழன்று தொங்கிய வயரைத் தேடி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பல்ப் எரிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்தான், இன்னும் மீளவில்லை.

அவளே பிறகு மனைவியாக வந்தும், அந்த ரகசியத்தை அவர் சொன்னதே இல்லை. வீட்டில் எத்தனை தோற்றாலும், "இந்தக் குடும்பத்துக்கு விளக்கேத்துனதே என் கட்டைவிரல்தான்" என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அதை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார்.

மதியம் மேசையில் சோதனை நடந்தது. மனைவி ஒரு டம்ளரில் உப்பைக் கரைத்துக் கொடுத்தார். வாத்தியார் கம்பியை விட்டார், அழுத்தினார். எரிந்தது.

"இப்ப என் கிண்ணம்!" விரலை எடுத்தார். கும்மிருட்டு. "பாத்தியா? ஒரு கல் உப்பு கிடையாது."

"அடேயப்பா!" என்று மனைவி கன்னத்தில் கை வைத்தார். "அப்படியே என் கிண்ணத்தையும் பாருங்களேன்."

வாத்தியார் யோசித்தார். இவள்தான் உப்பே சேர்ப்பதில்லையே. விரலைத் தூக்கியே வைத்துக்கொண்டார். பல்ப் எரியவில்லை.

"உன்னுதுலயும் இல்ல. சத்தியம்."

"சத்தியமா?"

"பல்ப் மேல சத்தியம்!"

"அப்ப ஒரு வாய் குடிங்க."

குடித்தார். கண் இரண்டும் வெளியே வந்து எட்டிப் பார்த்தன. நாக்கு உள்ளே போக மறுத்தது.

"அஞ்சு கரண்டி போட்டேங்க. உங்க விஞ்ஞானத்துக்கு ஒண்ணுகூட தெரியலையே."

மனைவி பெட்டியை வாங்கி, கவிழ்த்துப் பொத்தானைப் பார்த்து, அதை அழுத்திக்கொண்டே வாத்தியாரின் கிண்ணத்தில் கம்பியை விட்டார். சிவப்பு பல்ப் ஜோராக எரிந்தது. பிறகு மாத்திரை டப்பாவை எடுத்து, உப்பைக் கழுவுதொட்டியில் கொட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரோட சண்டை போடுவேன்? அதை நினைச்சுத்தான் நானும் இந்தச் சப்பைக் கண்றாவியைக் குடிச்சிட்டிருக்கேன்."

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. இனி உப்பைத் தொடமாட்டேன் என்று மனசாரச் சொன்னார். ஆனாலும் மொத்தமாகத் தோற்றுப்போக மனம் வரவில்லை. இத்தனை வருஷமாகக் காத்த பிரம்மாஸ்திரத்தை எடுத்தார்.

"இந்தக் கட்டைவிரலை இளப்பமா நினைக்காதே. அன்னிக்குப் பரீட்சையில உன் பல்ப் எரிஞ்சதே இதாலதான். வயர் கழண்டு கிடந்துச்சு. ஷூச் சத்தம் போற வரைக்கும் நான்தான் பிடிச்சிட்டிருந்தேன். உனக்குத் தெரியாது!"

மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பழைய மஞ்சள் வெளிச்சம் முகத்தில் மறுபடி வந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாம என்ன? அந்த வயரைக் கழட்டி விட்டதே நான்தானே!"